அளக்க வரும் நாளில் நிறைகிற கிணறு

எங்கள் ஊர் ஆண்களுக்கு மானம் அதிகம். அதனால் எங்களுக்குத் தண்ணீர் குறைவு. இதை நான் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. நாலு பேர் கூடியிருந்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஐந்தாவது வரை படித்த படிப்பில் எழுத்து மட்டும் கையை விட்டுப் போகவில்லை. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அது ஒரு சௌகரியம்.

ஜவ்வாது மலையில், காலையில் கிளம்பி ஜமுனாமரத்தூர் சந்தைக்கு நடந்து போய்த் திரும்பினால் பொழுது சாய்ந்துவிடும், அவ்வளவு தூரத்தில் எங்கள் ஊர். சாமையும் கேழ்வரகும் போடுவோம். புளியமரம் நிறைய. கிணறு ஒன்றே ஒன்று. கருங்கல் அடுக்கிக் கட்டியது; உள்ளே இறங்குவதற்கு ஒரு பக்கம் கற்கள் படி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். மழை மாதங்களில் குறை சொல்ல முடியாது. தை முடிந்ததும் தண்ணீர் கீழே போக ஆரம்பிக்கும். பங்குனி சித்திரையில் விடிவதற்கு முன் எழுந்து ஓடுகிற நாலைந்து பேருக்குத்தான் குடம் நிறையும். அப்புறம் வருகிறவளுக்குச் சேறு.

இந்தக் கிணற்றைப் பார்த்து மயங்கித்தான் என் அப்பா என்னை இந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால் மாடு கன்றைப் பார்ப்பார்கள், அடுக்கி வைத்த சாமை மூட்டையைப் பார்ப்பார்கள், கடைசியில் ஊர்க் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். அப்பா வந்தது நல்ல சித்திரை வெயிலில். எட்டிப் பார்த்தார். உள்ளே ஆள் முழுகுகிற தண்ணீர், அவர் முகமே தெரிந்ததாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "கோடையிலயே இப்டி நிக்குது. பொண்ணு கொடத்தத் தூக்கிக்கினு அலையத் தேவையில்ல" என்று சொன்னதை நான் அடுப்படியில் இருந்து கேட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

கல்யாணமாகி வந்த முதல் கோடையில் விஷயம் தெரிந்தது. சம்பந்தம் பேச ஆள் வருகிறார்கள் என்று தகவல் வந்தால், அவர்கள் வருகிற வரைக்கும் இரண்டு நாள் கிணற்றில் யாரும் குடம் இறக்கக் கூடாது. கிணற்றுக்கு ஓய்வு விடுவது என்று அதற்குப் பெயர். முன்னே அம்மன் கரகத்துக்குத் தண்ணீர் எடுப்பதற்காக இப்படி விட்டுவைப்பார்களாம். அது சாமி காரியம், போகட்டும். யாரோ ஒரு புத்திசாலி அதைச் சம்பந்திகளுக்கும் நீட்டிவிட்டான். இரண்டு நாள் தொடாமல் விட்டால் கிணறு ஊறி ஊறி, இருக்கிறவன் வீட்டுக் கிணறு மாதிரி ஆகிவிடும். வந்தவர்கள் பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், பெண் கொடுப்பார்கள். அந்த இரண்டு நாளும் நாங்கள் பள்ளத்து ஓடைக்கு நடக்க வேண்டும். வெறும் குடத்தோடு போகையில் இறக்கம், நிறைகுடத்தோடு வருகையில் ஏற்றம். அந்தப் புத்திசாலி ஒரு நாளும் குடம் தூக்கியிருக்க மாட்டான்.

எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து தவழ்ந்துகொண்டிருந்த சமயம். எழுபதுகள் முடிகிற காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழேயிருந்து ஒரு சார் வந்தார். மலையில் எந்த ஊரில் நிலத்துக்கடியில் தண்ணீர் எப்படி இருக்கிறது, ஓடைகள் எங்கே ஆரம்பித்து எங்கே போகின்றன, பாறை என்ன பாறை என்று ஆராய்ச்சி செய்யும் உத்தியோகம். ஜீப் வருகிற வரைக்கும் வந்து, மீதியை நடந்து வந்தார். இடுப்பில் சுத்தியல், கழுத்தில் கயிறு கட்டிய சின்னப் பூதக்கண்ணாடி. பாறையைத் தட்டி, விழுந்த சில்லை எடுத்துக் கண்ணாடியில் பார்த்து, நாக்கில் கூட வைத்துப் பார்த்தார். ஊர்ப் பிள்ளைகள் அவருக்கு அன்றைக்கே கல்லு சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஊர்க்கவுண்டர் என் மாமனார்தான். அவரிடம் சார் விவரம் சொன்னார். இந்த மலைப் பாறை இறுகிய பாறை, அதற்குள் தண்ணீர் தங்காது, வெடிப்பு எங்கே ஓடுகிறதோ அங்கேதான் தண்ணீருக்கு வழி. மாதம் ஒரு தடவை வந்து கிணற்றையும் ஓடையையும் அளப்பார். இந்தப் பக்கத்துக்கு இப்போதைக்கு ஒரு போர்தான், பாறையைத் துளைத்துப் போடுகிற ஆழ்குழாய்க் கிணறு, போட முடியும். எங்கள் ஊருக்கா, மேடு தாண்டியிருக்கிற ஊருக்கா என்பதை அளந்து பார்த்துத்தான் எழுதுவார்.

போர் வந்தால் அடிபம்பு வரும். அடிபம்பு வந்தால் இந்தப் பள்ளத்து ஏற்றம் தொலையும். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம், முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை என்று ஏறிக்கொண்டிருந்த எனக்கு அதைவிடப் பெரிய ஆசை அப்போது வேறெதுவும் இல்லை.

சார் போனதும் ஆண்கள் புளியமரத்தடியில் கூடினார்கள். நாங்கள் புளி தட்டிக்கொண்டே கேட்டோம்.

"போர எங்க போடுவான்?" என்றார் மாமனார். "தண்ணி இருக்கற எடத்துல போடுவான். வறண்ட ஊர்ல வந்து பாறையத் தோண்டிக்கினு நிக்க அவனுக்கு இன்னா பைத்தியமா? நம்ம கெணத்துல தண்ணி நிக்கணும். பாத்ததும் ஆளு அசந்து போவணும்."

"அதான, அதான" என்றார்கள் எல்லாரும். ஒருத்தருக்காவது மாற்றி யோசிக்கத் தோன்றவில்லை.

"அப்போ அவுரு வர்றப்பெல்லாம் கெணத்துக்கு ஓய்வு வுட்ருங்க. வூட்ல சொல்லிடுங்க" என்றார் மாமனார்.

என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, எனக்கு நேர் எதிர். வாய் நிற்காது. புளி தட்டுகிற கட்டையைக் கீழே போட்டாள். "ஏண்டி, அந்தக் கல்லு சாரு இன்னா கெணத்தக் கட்டிக்கவா போறாரு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வயிறும் எரிந்தது. வீட்டில் என் வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "தண்ணி இல்லாத ஊருக்குத்தான குடுப்பாங்க?"

"உனுக்கு இன்னா தெரியும்? அப்பாரு சொல்றாரு."

"அப்பாரு கொடம் தூக்கறாரா?"

"மெதுவாப் பேசு. அவுரு காதுல வுழப் போவுது."

மாமனார் முன்னால் மருமகள் நிற்கக் கூடாது, பேசக் கூடாது. அது எங்கள் வழக்கம். என்னைப் போல வெட்கப்படுகிறவளுக்கு அது நல்ல வழக்கம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

சார் ஒழுங்கான மனிதர். சந்தைக்கு வருகிறவர்களிடம், இந்த நாள் வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிடுவார். யாரும் காத்துக்கிடக்க வேண்டாமே என்று அவர் நினைப்பு. தகவல் வந்ததும் கிணற்றைச் சுற்றி முள்ளை இழுத்துப் போட்டுவிடுவார்கள். நாங்கள் ஓடைக்குப் போவோம். அவர் வருகிற காலையில் முள்ளை எடுத்துவிட்டு, கிணற்றடியைப் பெருக்கி, சாணி தெளித்து வைப்போம்.

அவர் இரும்பு நாடா ஒன்றின் நுனியில் சாக்குக்கட்டியைத் தேய்த்துக் கிணற்றுக்குள் விடுவார். மேலே இழுத்து, எதுவரைக்கும் நனைந்திருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்வார். பங்குனியில் அளந்துவிட்டு இன்னொரு தடவை அளந்தார். "ஆச்சரியமா இருக்கே கவுண்டரே. கீழ எல்லாம் கெணறு காஞ்சி கெடக்குது."

"எங்க ஊருக்கு இன்னாங்க கொறச்சல்" என்றார் மாமனார். தேனும் பலாச்சுளையும் வைத்து உபசரித்தார். என் பிள்ளைக்குக் கொடுக்க வைத்திருந்த பலாச்சுளை.

ஓடையிலும் சார் ஒரு வேலை செய்திருந்தார். ஊருக்குக் கீழே ஓடை குறுகுகிற இடத்தில், நடுவில் முக்கோணமாக வெட்டிய பலகை ஒன்றைக் குறுக்கே வைத்திருந்தார். தண்ணீர் அந்த வெட்டு வழியாக விழும். வெட்டில் எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது என்பதை வைத்து ஓடையில் எவ்வளவு ஓடுகிறது என்று கணக்குப் போடுவார். பிள்ளைகளை அதன் பக்கம் விடாதீர்கள் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகளால் ஒன்றும் ஆகவில்லை. கணக்கைக் கெடுத்தது நாங்கள்தான்.

கோடையில் ஓடை கட்டைவிரல் தடிமனுக்குத்தான் ஓடும். குடத்தை வைத்தால் நிறையாது. அதனால் பலகைக்கு மேலே மணலில் பள்ளம் பறித்து, தண்ணீரைத் தேக்கி மொள்ளுவோம். ஊர் மாடும் அங்கேதான் குடிக்கும். கிணறு ஓய்வில் இருக்கிற இரண்டு நாளும் ஓடைத் தண்ணீர் அவ்வளவும் எங்கள் குடத்திலும் மாட்டின் வயிற்றிலும்தான். பலகைக்கு ஒரு சொட்டுப் போகாது. சார் வருவதற்குள் பள்ளத்தை மூடி மணலை நிரவிவிட வேண்டும் என்பது மாமனார் உத்தரவு. கிணறு இருக்கிற ஊர்ப் பெண்கள் ஓடையில் நிற்பது தெரிந்தால் கேவலமாம். நிரவிய மணல் குடித்தது போகத் தண்ணீர் பலகைக்கு வந்து சேர அரை நாளாகும்.

சார் மேலே ஓடை பிறக்கிற இடத்துக்குப் போய்ப் பார்ப்பார், தண்ணீர் வருகிறது. கீழே வந்து பலகையைப் பார்ப்பார், காய்ந்து கிடக்கிறது. ஊருக்குள் வந்து கிணற்றைப் பார்ப்பார்; நிறைந்து நிற்கிறது. படித்த மனிதர் என்ன நினைப்பார்? நடுவில் நிலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு பாறையில் நீளமாக வெடிப்பு ஒன்று ஓடையின் மேல்பக்கத்திலிருந்து ஊரைப் பார்த்து இறங்குவதைக் கண்டுபிடித்தார். அவ்வளவுதான், அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பிள்ளை பிறந்த வீட்டுக்காரர் மாதிரி இருந்தது.

சுத்தியல் பிடியால் தரையில் கோடு போட்டு ஆண்களுக்கு விளக்கினார். "ஓடைத் தண்ணி இந்த எடத்துல பூமிக்குள்ள போவுது. இந்த வெடிப்பு வழியா நேரா உங்க கெணத்துக்கு வருது. அதனாலதான் உங்க கெணறு கோடையிலயும் வத்தறதில்ல."

ஆண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் மாமனார், "பெரியவங்க காலத்துலயே சொல்லுவாங்க சார்" என்றார். அப்படி யாரும் சொன்னதில்லை.

ஓரகத்தி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். "வெடிப்பு வழியாப் போவலடி. நம்ம இடுப்பு வழியாப் போச்சு."

சித்திரையில் அளந்துவிட்டுக் கிளம்பும்போது சார் சொன்னார்: "உங்க ஊருக்கு அவசரமில்ல கவுண்டரே. மேடு தாண்டி அந்த ஊர்ல பொம்பளைங்க ரொம்பத் தவிக்கறாங்க. கெணத்துல இறங்கி வழிச்சி எடுக்கறாங்க, நானே பாத்தேன். போர அங்கதான் எழுதப் போறேன். அடுத்த வாரம் அனுப்பிடுவேன்."

மாமனார் சிரித்தபடியே நின்றார். அந்தச் சிரிப்பை எப்படி எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் புளியமரத்தடியில் மறுபடி கூட்டம். இப்போதாவது போய் உண்மையைச் சொல்வார்கள் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"இப்போ போய் தண்ணி இல்லன்னு சொன்னா, அத்தினி மாசமும் பொய் சொன்னோம்னு ஆய்டும்" என்றார் ஒருவர்.

"அது மட்டுமா? ஆபீஸ்ல எழுதிட்டா சந்தை முழுக்கப் பரவிடும். நம்ம பசங்களுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்றார் மாமனார்.

 மேடு தாண்டிய ஊர்க்காரர்களை வெட்கமில்லாதவர்கள் என்று கொஞ்ச நேரம் திட்டிவிட்டுக் கலைந்துபோனார்கள். வெட்கமில்லாத ஊருக்குப் போர். எங்களுக்கு மானம். அதைக் குடித்துக்கொண்டு கிட என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் அர்த்தம் அதுதான். அன்று நான் பிள்ளையைக் குளிப்பாட்டவில்லை. தண்ணீர் இல்லை.

இரண்டு மூன்று நாள் போயிருக்கும். கிணற்றில் சேறுதான் இருந்தது. இப்படிப்பட்ட சமயத்தில் ஒருத்தி உள்ளே இறங்கி, சிரட்டையால் வழித்து வழித்து ஒரு தகரக் குவளையில் ஊற்றி, குவளையைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்ப வேண்டும். மேலே இருப்பவர்கள் துணியில் வடிகட்டிக் குடத்தில் ஊற்றுவார்கள். எடை குறைவு என்று எப்போதும் என்னைத்தான் இறக்குவார்கள். எனக்கும் அது பிடிக்கும் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். யாரும் இருக்க மாட்டார்கள்.

கல்லிடுக்கில் கசிகிற தண்ணீருக்காகச் சிரட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே திடீரென்று பேச்சு நின்றது. வளையல் சத்தம்கூட இல்லை. நிமிர்ந்து பார்த்தால் வட்டமான வானத்தில் சார் தலை.

அளப்பதற்கு வரவில்லையாம். வேலை முடிந்துவிட்டதால் ஓடையில் வைத்த பலகையைக் கழற்றிக்கொண்டு போக வந்திருக்கிறார். அதற்கு எதற்குத் தகவல் என்று சொல்லி அனுப்பவில்லை. போகிற வழியில் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார். ஓரகத்தி, வாய் நிற்காத என் ஓரகத்தி, வாயடைத்துப்போய் நின்றிருக்கிறாள்.

"அம்மா, கீழ இன்னா பண்றீங்க?" என்றார் சார்.

நான் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அதற்குள் செருப்புச் சத்தம். வட்டத்தில் இன்னொரு தலை. மாமனார்.

"அது ஒண்ணுமில்ல சார், நேத்து மாடுங்க நெறையக் குடிச்சிடுச்சி. ஒரு நாள்ல ஊறிடும்."

"மாடு கெணத்துல இறங்கிக் குடிச்சதா?"

"இல்ல சார்... எறைச்சி ஊத்தனோம். தூர் வாரலாம்னு. வருஷா வருஷம் வாருவோம்."

 சார் குனிந்து என்னைப் பார்த்தே கேட்டார். "நீங்க சொல்லுங்கம்மா. மாடு குடிச்சதா, தூர் வாரறீங்களா? மொன்னாநாள்தான் நான் அளந்தேன், ஆள் ஆழம் இருந்துதே."

 மேலே ஒரு வேற்று ஆண், பக்கத்தில் மாமனார். வாழ்க்கையில் அந்த இரண்டு பேரிடமும் நான் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. பேசாமல் இருந்தால் போர் மேட்டைத் தாண்டிவிடும். சிரட்டையில் இருந்த சேற்றுத் தண்ணீரைப் பார்த்தேன். பேசுவது எனக்கு ஆகாத காரியம். குவளையில் அதை ஊற்றிக் கயிற்றை ஆட்டினேன். அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டாரே, அதுதான் எங்களிடம் இருப்பது. பார்த்துக்கொள்ளட்டும்.

மேலே இழுத்தார்கள். குவளையைச் சார் வாங்கிப் பார்த்திருக்கிறார். மாமனார் குறுக்கே விழுந்து, "இது கலங்கின தண்ணி சார், நாளைக்கி..." என்று ஆரம்பித்தார்.

எனக்கு எங்கேயிருந்து வந்தது என்று தெரியவில்லை. "எப்பவும் இதாங்க. நீங்க வர்றீங்கன்னுதான் ரெண்டு நாள் மொள்ளாம வுடுவாங்க" என்றேன்.

எனக்கு நானே சொல்லிக்கொள்கிற மாதிரி மெதுவாகத்தான் சொன்னேன். கிணறு என்ன செய்யுமென்று எனக்குத் தெரியாதா? அந்தக் கருங்கல் சுவர் என் குரலை வாங்கிப் பெரிதாக்கி மேலே அனுப்பிவிட்டது. புளியமரத்தடியில் இருந்தவர்களுக்குக் கேட்டதாம். என் வீட்டுக்காரர் கொல்லையில் மாடு கட்டிக்கொண்டிருந்தவர், யாரோ சாமியாடுகிறார்கள் என்று நினைத்தாராம்.

சார் கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் கற்களைப் பிடித்து ஏறி மேலே வந்து, ஓரகத்தியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சார் மாமனாரைப் பார்த்தார். கோபமாகக் கூட இல்லை. களைத்துப் போனவர் மாதிரி இருந்தார்.

"இத்தன மாசமா நான் இன்னாத்த அளந்தேன் கவுண்டரே?"

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். அப்படியே சொன்னார்: "தண்ணி இருக்கற ஊருக்குத்தான சார் பொண்ணு குடுப்பாங்க."

"நான் பொண்ணு குடுக்க வரலையே!"

"வாசல் தேடி வந்தவங்களுக்கு வறண்ட கெணத்தக் காட்டறதா சார்?"

 சார் குவளையில் இருந்த சேறு தெளிகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஓடைக் கதையையும் ஓரகத்தி அப்போது சொல்லித் தீர்த்தாள். அவளுக்கு வாய் திரும்பிவிட்டது. பள்ளம் பறித்தது, மணலை நிரவியது எல்லாம் சொன்னாள். அவர் கண்டுபிடித்த வெடிப்பைப் பற்றிச் சொல்லும்போதுதான் எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. எழுந்து போய்ப் பலகையைக் கழற்றாமலே திரும்பினார். போகும்போது, "எல்லாத்தையும் மறுபடி மொதல்லேர்ந்து அளக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

மறுபடி ஒரு வருஷம் அளந்தார். இந்தத் தடவை சொல்லாமல்தான் வந்தார். ஒரு நாள் காலையில், ஒரு நாள் மத்தியானம். நாங்கள் மொண்டுகொண்டிருக்கும்போதே நடுவில் நாடாவை விடுவார். ஆண்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. போர் மேடு தாண்டிய ஊருக்குத்தான் முதலில் போனது. அவர்கள் பம்பு அடிக்கிற சத்தம் காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் எங்களுக்குக் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே இரண்டு கோடை ஓடைக்கு நடந்தோம். மாமனார் என்னிடம் எப்போதும் பேசியதில்லை என்பதால், கோபத்தில் பேசாமல் இருந்தாரா என்பதும் எனக்குத் தெரியாது.

கடைசியில் எங்களுக்கும் போர் வந்தது. மலைப்பாதையில் அந்தப் பெரிய வண்டி முக்கி முனகி ஏறி வந்தது. சார் அதே வெடிப்பின் மேல்தான் இடம் காட்டினார். பாறைப் பொடி வெள்ளையாகப் பறந்து கூரையெல்லாம் படிந்தது. அப்புறம் தண்ணீர் பீச்சி அடித்தது. ஓடைத் தண்ணீர் கிணற்றுக்கு வந்த கதை பொய்யாகப் போனாலும் வெடிப்பு நிஜம்தான். அன்றைக்குச் சார் சிரித்ததை நான் தூரத்திலிருந்து பார்த்தேன்.

அடிபம்பு வைத்து, சிமெண்டு மேடை காய்ந்து, நாங்கள் மொள்ள ஆரம்பித்திருந்தோம். ஒரு சந்தை நாளில் தகவல் வந்தது. பம்பைப் பார்க்கக் கீழேயிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்களாம். புளியமரத்தடியில் கூட்டம் கூடியது. நான் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தேன்.

மாமனார் குரல் கேட்டது. "அவுங்க வர்ற வரிக்கும் பம்ப யாரும் அடிக்கக் கூடாது. ரெண்டு நாளு வுடுங்க. உள்ள தண்ணி சேரட்டும். அடிச்சா கொட்டோ கொட்டுன்னு கொட்டணும்."

"அதான, அதான" என்றார்கள்.

நான் முறத்தைக் கீழே வைத்தேன். ஓரகத்தி என்னைப் பார்த்தாள்.  குடத்தை எடுத்துக்கொண்டு, எல்லா ஆண்களும் உட்கார்ந்திருக்க, அவர்களுக்கு முன்னால் நடந்துபோய்ப் பம்படியில் குடத்தை வைத்தேன். புதுப் பம்பு, கிறீச் கிறீச் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தும். அடித்தேன். முகத்தை மூடிக்கொள்ளக் கை இல்லை, இரண்டு கையும் பிடியில் இருந்தது.

மாமனார் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். குடம் நிறைந்தது. இன்னொரு குடத்தோடு ஓரகத்தி வந்து நின்றாள். "தள்ளுடி, வெக்கங்கெட்டவளே" என்றாள்.